எந்த இடத்தில் சுருதி விலகியது என்று சொல்லும் நடுவர்

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைப் பற்றித் திருகோணமலையில் கதைக்கத் தொடங்கினால், கதை யார் வென்றார், யாருக்கு அநியாயம் நடந்தது என்பதிலேயே போய் நிற்கும். சங்கீதம் கற்பிப்பவள் என்ற முறையில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கிய பின்னர் நடுவர் பேசுகின்ற ஒன்றிரண்டு நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் சொல்லப்படுவதை எங்கள் மாவட்டத்தின் பிள்ளைகள் எவ்வளவு கூர்ந்து கேட்கிறார்கள் என்பதை நான் ஒவ்வொரு வாரமும் வகுப்பில் காண்கிறேன். அதனால்தான் அந்த நேரம் வெறும் புகழுரையாகவும் கண்ணீராகவும் கரைந்துபோவதைப் பொறுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. குறையைக் குறித்துச் சொல்லாத நடுவர் அந்த மேடையில் நிற்கும் பிள்ளைக்கும் நன்மை செய்யவில்லை, வீட்டிலிருந்து பார்க்கும் ஆயிரம் பிள்ளைகளுக்கும் நன்மை செய்யவில்லை என்பது என் உறுதியான கருத்து.

இங்குள்ள நிலையைச் சொன்னால்தான் இந்தக் கருத்தின் பாரம் விளங்கும். நகரத்துப் பாடசாலைகளில் சங்கீத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகள் ஆயத்தமாகிறார்கள். தமிழ்மொழித் தினப் போட்டிகள் கோட்டத்தில் தொடங்கி வலயம், மாகாணம் என்று ஏறி அகில இலங்கை மட்டம் வரை போகின்றன. ஆனால் ஈச்சிலம்பற்றிலோ குச்சவெளிக்கு அப்பாலோ இருக்கும் ஒரு பிள்ளைக்கு நல்ல குரல் இருந்தால், அதைக் கேட்டுத் திருத்தக்கூடிய காது பக்கத்தில் கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட பிள்ளை கைத்தொலைபேசியில் பாட்டைக் கேட்டு, அதே கைத்தொலைபேசியில் கரோக்கி இசையைப் போட்டுப் பாடிப் பழகுகிறது. தேர்ந்த பாடகர் ஒருவர் இன்னொரு பிள்ளையின் பாட்டைக் கேட்டு, அதில் எது சரி, எது சரியில்லை என்று விளக்குவதை அது காணும் ஒரே இடம் தொலைக்காட்சிப் போட்டிதான். அங்கே நடுவர் ஒரு சங்கதியை, அதாவது ஒரே அடியைச் சுரங்களை மாற்றி அழகுபடுத்திப் பாடும் விதத்தை, நிறுத்தித் தானே பாடிக் காட்டினால், அந்த அரை நிமிடம் வெருகல் ஆற்றங்கரை வரைக்கும் வந்து சேருகின்ற பாடம்.

இந்த வகைப் போட்டி எங்கள் மொழியில் பாடம் சொல்லும் இடமாக இருந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. பி. எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்திப் பின்னர் தமிழகத் தொலைக்காட்சிக்கும் கொண்டுசென்ற 'பாட்டுக்குப் பாட்டு', குரலைவிட நினைவாற்றலைச் சோதித்த போட்டி. ஆனாலும் ஒரு பாட்டின் சொற்களைச் சரியாக உச்சரிக்க வேண்டும் என்ற ஒழுங்கை அது ஒரு தலைமுறைக்கே பழக்கியது. சன் தொலைக்காட்சியில் ஏ. வி. ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்' பாடுவதையே போட்டியாக்கியது. இந்தியில் 1995இல் 'ச ரி க ம' தொடங்கியபோது நடுவர் இருக்கைக்கு மூத்த இசையமைப்பாளர்களும் சாஸ்திரிய இசை வித்துவான்களும் அழைக்கப்பட்டார்கள். தெலுங்கில் 1996இல் எஸ். பி. பாலசுப்பிரமணியம் ஈடிவியில் தொடங்கிய 'பாடுதா தீயகா'வை இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பேன். ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் அந்தப் பாட்டை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் எதற்காக அந்த இடத்தில் அப்படி ஒரு வளைவை வைத்தார், பிள்ளை எந்த எழுத்தை அழுத்தத் தவறியது என்று அவர் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டே போவார். தெலுங்கு தெரியாத எனக்கே அவருடைய கை அசைவிலும் பாடிக்காட்டலிலும் பாதி விளங்கிவிடும். அவர் கண்டித்ததாக எந்தப் பிள்ளையும் நினைத்திருக்காது. அதே நேரம் குறை எதுவும் சொல்லப்படாமல் விட்டதாகவும் இருக்காது. 2020 செப்டம்பரில் அவர் மறைந்தபோது பாடகரை இழந்த துயரத்தையே எல்லோரும் பேசினார்கள். அந்த நடுவரை இழந்தது எனக்கு இன்னொரு தனித் துயரமாக இருந்தது.

பிரித்தானியாவில் 2001இல் வந்த 'பொப் ஐடல்', அடுத்த ஆண்டே அமெரிக்காவுக்குப் போன அதன் மறுபதிப்பு ஆகியவற்றோடு வேறொரு வழி திறந்தது. அங்கே நேயர்களின் வாக்கு முடிவைத் தீர்மானித்தது. நடுவரோ நிகழ்ச்சியின் ஒரு பாத்திரம் ஆனார், ஒருவர் கடுமையானவர், ஒருவர் இளகிய மனத்தவர் என்று. 2006இல் சிங்களத்தில் 'சிரச சூப்பர் ஸ்ரார்' வந்தபோதும், தமிழில் சக்தி தொலைக்காட்சி தன்னுடைய சூப்பர் ஸ்ரார் போட்டியை நடத்தியபோதும், அதே 2006இல் தமிழகத்தில் விஜய் தொலைக்காட்சி 'சூப்பர் சிங்கர்' தொடங்கியபோதும் இந்த இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று கலந்தே வந்தன. ஸ்ரீநிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன் ஆகியோர் நடுவர்களாக இருந்த அந்தத் தொடக்ககாலப் பருவங்களில் சுருதி, உச்சரிப்பு, சங்கதி என்ற சொற்கள் அடிக்கடி காதில் விழும். இன்றைக்கும் அவை விழுகின்றன. ஆனால் அவற்றைச் சுற்றிலும் இரைச்சல் மிகவும் கூடிவிட்டது. 'சான்ஸே இல்லை' என்று எழுந்து நிற்பது, மேடைக்கு ஓடிப்போய்க் கட்டியணைப்பது, மேலிருந்து பொன்னிறத் துகள்களைக் கொட்டுவது எல்லாம் பிள்ளைக்கு மகிழ்ச்சியைத் தரும். அந்த மகிழ்ச்சியைப் பறிக்க நான் விரும்பவில்லை. அத்தோடு முடிந்துபோனால், அடுத்த வாரம் எதைத் திருத்திக்கொண்டு வருவது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

நான் சொல்வது நுணுக்கமான விடயம்தான். ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். சாம்பல்தீவிலிருந்து என்னிடம் வரும் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருவருக்கு ஐந்து கட்டைக்குக் கீழேதான் குரல் விரிந்து ஒலிக்கும் (பாட்டின் ஆதார சுருதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கட்டை என்ற அளவால் சொல்வோம்). அவர் தெரிவு செய்திருந்த பாட்டின் கரோக்கி ஐந்தரைக் கட்டையில் இருந்தது, ஏனென்றால் அந்தப் பாட்டை இசைத்தட்டில் பாடிய பின்னணிப் பாடகிக்கு அது பொருந்தியது. பல்லவி நன்றாகவே வந்தது. சரணத்தில் தார ஸ்தாயிப் பஞ்சமத்தை, அதாவது மேல் ஸ்தாயியின் 'ப' சுரத்தை, எட்டும் அடியில் பிள்ளை தாடையை இறுக்கி, தோளை உயர்த்தி, சுரத்தைத் தொட்டுவிட்டார். தொட்டதும் கைதட்டலும் கிடைத்தது. பிழை அங்கே இல்லை. அந்த உச்சத்துக்காக மூச்சை எல்லாம் செலவழித்த பிறகு, கீழிறங்கி வரும் அடுத்த அடியின் கடைசிச் சொல்லில் சுருதி மெல்லத் தாழ்ந்தது. மூச்சின் அழுத்தம் குறைந்தால் சுருதி இறங்குவது உடலின் இயல்பு. மண்டபத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லோருடைய கவனமும் உச்சத்தில் நின்றுவிட்டது. ஒரு கட்டை இறக்கி நாலரையில் பாடச் சொல்லி, சரணத்தின் முதலடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவில் மூச்செடுக்க ஒரு இடத்தையும் குறித்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை அதே பிள்ளை பாடியபோது உச்சமும் இலகுவாக வந்தது, கடைசிச் சொல்லும் நின்ற இடத்தில் நின்றது. நல்ல நடுவர் ஒருவருக்குத் தேவையானது இந்தக் காதுதான். 'மேலே நன்றாகப் போனாய்' என்று யாரும் சொல்லலாம். 'மேலே போனதன் விலையைக் கீழே கொடுத்தாய்' என்று சொல்வதற்குத்தான் அனுபவம் வேண்டும்.

ஆண்பிள்ளைகளின் விடயத்தில் இது இன்னும் கவனம் கேட்பது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் குரல்வளை வளர்ந்து குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கும் காலம் வரும். அந்த மாற்றத்தின் நடுவில் நிற்கும் பிள்ளையிடம் போன பருவத்தில் பாடிய அதே உச்சங்களை எதிர்பார்ப்பதும், அது பிசகினால் 'பழைய மின்னல் இல்லையே' என்பதும் மிகவும் வருத்தம் தரும். சிறுவர் போட்டியில் நடுவராக அமரும் பெரிய பாடகர் ஒருவர், 'தம்பி, உன் குரல் மாறுகிறது, இது எல்லோருக்கும் வருவது, ஆறு மாதம் மெதுவாகப் பாடு' என்று ஒரு தடவை மேடையில் சொன்னாலே போதும். எத்தனை வீடுகளில் பெற்றோர் பிள்ளையை வருத்துவது நிற்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இலங்கையிலிருந்து போகும் பிள்ளைகள் விடயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மனம் அதிகம் நிலைகொள்வது அங்கேதான். 2023இல் சீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மூன்றாம் பருவத்தில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவும் மலையகத்து அசானியும் மேடையேறியபோது எங்கள் மாவட்டத்திலும் வார இறுதி இரவுகளில் ஒளிபரப்பு நேரத்தில் வீட்டு வேலைகள் நின்றுபோயின. டிசம்பரில் கில்மிஷா முதலிடம் பெற்றார். அந்தப் போட்டியில் வென்ற முதலாவது இலங்கைப் பிள்ளை அவர். அதற்கு முன்னர் 2015இல், கனடாவில் வளர்ந்த ஈழத்துப் பிள்ளை ஜெசிக்கா சூப்பர் சிங்கர் ஜூனியரில் இரண்டாமிடம் பெற்று, பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தைப் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக வழங்கியதையும் எங்கள் மக்கள் மறக்கவில்லை. இந்தப் பிள்ளைகள் ஊட்டிய பெருமிதம் உண்மையானது. அதில் எனக்கும் பங்கு உண்டு. தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றிலிருந்து ஒரு பிள்ளை சென்னை மேடைக்குப் போவது அந்தத் தோட்டத்துக்கு மட்டுமல்லாமல் முழு நாட்டுக்கும் ஒரு சேதி.

ஆனாலும் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டுப் பிள்ளை மேடையேறியதும் பாட்டுக்கு முன்னர் வறுமையும் போரும் இழப்பும் படமாகக் காட்டப்படுகின்றன, பாட்டு முடிந்ததும் அரங்கம் அழுகிறது, நடுவரும் அழுகிறார். அந்த இழப்புகள் பொய்யல்ல. சம்பூரிலும் மூதூரிலும் இடம்பெயர்ந்து திரிந்தவர்களுக்கு அவற்றை யாரும் நினைவூட்டத் தேவையில்லை. என்னுடைய கேள்வி வேறு: அழுது முடிந்த பிறகு அந்தப் பிள்ளையின் பாட்டைப் பற்றி யார் பேசுவது? தமிழகத்துப் பிள்ளைக்கு 'அனுபல்லவியில் தாளம் ஓடிவிட்டது' என்று சொல்லும் நடுவர், எங்கள் பிள்ளைக்கு 'உன்னைப் பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்' என்று மட்டும் சொன்னால், எங்கள் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பாடம் கிடைக்காமல் போகிறது. இரக்கம் காட்டப்படும் பாடகர் வேறு, மதிக்கப்படும் பாடகர் வேறு. கில்மிஷா போன்ற ஒரு பிள்ளை வெல்வது குரலாலும் உழைப்பாலும்தான். அதைக் கதையால் வென்றதாக யாரும் குறைத்துப் பேசுவதற்கு இடம் வைக்காமல் இருக்க வேண்டும் என்றால், நடுவர்கள் அந்தப் பிள்ளையின் பாட்டை மற்றப் பிள்ளைகளின் பாட்டைப் போலவே பிரித்துப் பார்த்துப் பேச வேண்டும்.

நெதர்லாந்தில் 2010இல் தொடங்கிய 'த வொய்ஸ்' போட்டியில் நடுவர்கள் முதற்சுற்றில் பாடுபவருக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பார்கள். குரல் பிடித்தால்தான் கதிரை திரும்பும். சிரச தொலைக்காட்சியில் வந்த அதன் சிங்களப் பதிப்பை எங்கள் ஊரில் தமிழ்ப் பிள்ளைகளும் விரும்பிப் பார்த்தார்கள். அதில் நாடகம் நிறையவே உண்டு என்றாலும், முகத்தையும் ஊரையும் அறியாமல் முதலில் குரலைக் கேட்பது என்ற ஏற்பாடு நேர்மையானது. எங்கள் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பதிலாக இலக்கம் கொடுப்பதும் அதே நோக்கத்தில்தான். நடுவராக அமர்ந்து நான் கண்டது என்னவென்றால், சுருதி, லயம், உச்சரிப்பு, பாவம் (உணர்ச்சி வெளிப்பாடு) என்று புள்ளித்தாளில் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும்போது மனம் தன் விருப்பத்துக்கு ஓட முடியாமல் ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்கப் பழகிவிடுகிறது. தொலைக்காட்சி நடுவர்கள் கொடுக்கும் புள்ளியையும் அப்படிப் பிரித்துத் திரையில் காட்டினால் என்ன? பார்ப்பவர்களுக்கும் அது விளங்கும், வீண் சந்தேகங்களும் குறையும். 2016இல் சூப்பர் சிங்கர் பட்டம் பெற்றவர் ஏற்கெனவே திரைப்படத்தில் பாடியவர் என்பது தெரியவந்தபோது எழுந்த கோபம்கூட, விதி என்ன என்பது நேயர்களுக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்படாததால் வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விடயத்தையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. வீட்டில் நாம் கேட்பது நடுவர் கேட்ட ஒலி அல்ல. பதிவு செய்து ஒளிபரப்பும் நிகழ்ச்சிகளில் பல ஒலிவாங்கிகளின் பதிவுகள் பின்னர் கலக்கப்படுகின்றன; எதிரொலி சேர்க்கப்படுகிறது; விலகிய சுருதியைச் சரிசெய்யும் மென்பொருள்களும் இன்றைக்கு எந்தக் கலையகத்திலும் உண்டு. அவற்றுள் பெயர்பெற்ற ஓட்டோ-டியூன் 1997இல் சந்தைக்கு வந்தது. நிலத்தடியில் எண்ணெய் தேடுவதற்கு அதிர்வலைகளை ஆராய்ந்த பொறியியலாளர் ஒருவரே அதை உருவாக்கினார். ஆகவே நடுவர் 'இங்கே சற்று விலகியது' என்று சொல்லி, நமக்கு விலகியதாகவே கேட்காவிட்டால், நடுவர் பாரபட்சம் காட்டுகிறார் என்று உடனே முடிவுகட்டுவது நியாயமல்ல. அதைப் போலவே, திரையில் கேட்ட மெருகை வைத்து நம் வீட்டுப் பிள்ளையின் வெறுங்குரலை அளப்பதும் நியாயமல்ல. 'அந்தப் பிள்ளை பாடுற மாதிரி இது பாடுதில்லையே ரீச்சர்' என்று குறைப்பட்டு வந்த தாய் ஒருவரிடம் இதைத்தான் சொன்னேன். சுருதிப்பெட்டியின் பக்கத்தில் பிள்ளையை இருத்தி, எதிரொலி இல்லாத அறையில் ஒரே ஒரு அடியைப் பாடச் சொல்லிக் காட்டிய பிறகுதான் அவருக்குத் தன் பிள்ளையின் குரல் உண்மையில் எவ்வளவு நேராக நிற்கிறது என்று தெரிந்தது.

பாட்டுத் தெரிவைப் பற்றி எனக்கு நீண்ட நாள் மனக்குறை ஒன்று இருக்கிறது. இந்தப் போட்டிகளில் பாடப்படுவது அநேகமாக எல்லாமே தமிழ்த் திரைப்படப் பாடல்கள். அந்தப் பாடல்களின் அழகை நான் மறுக்கவில்லை. என் மாணவர்களுக்கும் அவற்றைக் கற்பிக்கிறேன். ஆனால் எங்கள் நாட்டிலே இலங்கை வானொலி வளர்த்த மெல்லிசை மரபு ஒன்று இருக்கிறது, எஸ். கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் அதற்குக் குரல் கொடுத்தார்கள். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் இசையை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் எங்கள் திருகோணமலைக்காரர்களே. கிண்ணியாவிலும் மூதூரிலும் இஸ்லாமிய கீதம் பாடும் பிள்ளைகளின் குரலில் இருக்கும் நீண்ட இழுப்பும் அசைவும் வேறு எங்கும் கிடைக்காதவை. கோணேசர் கோயிலுக்கென்றே திருஞானசம்பந்தர் புறநீர்மைப் பண்ணில் பாடிய பதிகம் இருக்கிறது. அவர் இராமேச்சரத்தில் நின்றே கடல் கடந்த இத்தலத்தைப் பாடினார் என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. இத்தனை இருந்தும் எங்கள் பிள்ளை சென்னை மேடைக்குப் போகும்போது கையில் கொண்டுபோவது அங்கிருந்து வந்த பாட்டைத்தான். விதிகளும் பதிப்புரிமையும் வாத்தியக் குழுவின் வசதியும் அதற்குக் காரணங்கள் என்பதை அறிவேன். குறைந்தபட்சம் இலங்கையில் நடக்கும் போட்டிகளில் ஒரு சுற்றையாவது எங்கள் மெல்லிசைப் பாடல்களுக்கு ஒதுக்கலாம்; அப்போது நடுவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க இசைத்தட்டுப் பாடகி ஒருவர் காதில் நிற்க மாட்டார், அந்தப் பிள்ளை அந்தப் பாட்டை எப்படி விளங்கிக்கொண்டது என்பதை மட்டுமே கேட்க வேண்டியிருக்கும்.

பெற்றோரிடமும் ஒரு சொல். குரல் தேர்வுக்காகப் பிள்ளையைக் கொழும்புக்கு இரவு ரயிலில் கூட்டிச்சென்று, நித்திரை இல்லாமல் காலையில் வரிசையில் நிறுத்தி, மத்தியானம் பாடவைப்பதற்கு முன்னர் குரலுக்கு ஓய்வு தேவை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முடியுமானால் ஒரு நாள் முன்னதாகப் போங்கள். தெரிவாகாமல் திரும்பி வந்த பிள்ளையிடம் நடுவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். எதுவும் சொல்லாமல் அனுப்பியிருந்தால், பாடிய பாட்டைப் பதிவுசெய்து பக்கத்திலுள்ள சங்கீத ஆசிரியர் யாரிடமாவது கொண்டுபோய்க் கேட்கவையுங்கள்.

என் வகுப்பில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். அந்த வாரம் ஒளிபரப்பான பாட்டொன்றைப் போட்டுக் காட்டுவேன்; நடுவர் பேசத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் தங்கள் கொப்பியில் தங்களுடைய தீர்ப்பை எழுத வேண்டும். 'நன்றாக இருந்தது' என்றோ 'பிடிக்கவில்லை' என்றோ மட்டும் எழுத முடியாது. எந்த அடி, எந்தச் சொல், என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அதன் பிறகே நடுவர் பேசுவதைக் கேட்போம். சில வாரங்களில் நடுவர் சொன்னதும் பிள்ளைகள் எழுதியதும் ஒன்றாக இருக்கும். அன்றைக்கு வகுப்பு ஆரவாரப்படும். சில வாரங்களில் நடுவர் எழுந்து நின்று கைதட்டிவிட்டு அமர்ந்துவிடுவார். பிள்ளைகளின் கொப்பிகளில் மட்டும் ஏதாவது இருக்கும். போன வாரம் எல்லோரும் கொண்டாடிய ஒரு பாட்டுக்குச் சாம்பல்தீவுப் பிள்ளை எழுதியது இது: 'இரண்டாம் சரணம், மூன்றாம் அடி. மேலே போவதற்கு முன்னர் மூச்செடுக்கவில்லை. கடைசிச் சொல் கீழே வந்துவிட்டது. அரைக் கட்டை இறக்கிப் பாடியிருக்கலாம்.' திரும்பப் போட்டுக் கேட்டோம். அவர் எழுதியது சரி.